தேன்மெழுகில் ஒட்டும் கருவி

அதிர்வை அளக்கும் முடுக்கமானி பெரும்பாலும் விரல்நுனி அளவுதான். உலோக உறைக்குள் ஒரு படிகம், அதோடு சேர்ந்து ஒரு சிறு எடை. பொருள் அதிரும்போது எடை படிகத்தை நெருக்க, நெருக்கத்துக்கேற்ப மின்னூட்டம் பிறக்கிறது. படிகத்தின் இந்தக் குணத்தை 1880-ல் ழாக், பியேர் கியூரி சகோதரர்கள் கண்டுசொன்னார்கள்.

எனக்குப் பிடித்தது, தேர்ந்தெடுப்பவரிடம் இது கேட்கும் நிதானம். கனமான கருவி நுண்ணிய அதிர்வையும் பிடிக்கும். ஆனால் மெல்லிய தகட்டின்மேல் அதை வைத்தால் தகட்டின் ஆட்டமே மாறிவிடும். அதனால்தான் கருவியின் எடை, சோதிக்கும் பாகத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பார்கள்.

ஒட்டும் விதத்திலும் அழகு உண்டு. திருகி இறுக்கினால் உயர்ந்த அதிர்வெண் வரை நம்பலாம். காந்தத்தில் அந்த எல்லை இறங்கும், கையால் அழுத்திப் பிடித்தால் இன்னும் இறங்கும். தேன்மெழுகு இன்றும் ஆய்வகங்களில் இருக்கிறது! மெல்லிய படலமாகத் தடவினால் திருகலுக்கு நெருங்கி நிற்கும். சுமார் 40 டிகிரி செல்சியஸ் வரைதான் அதன் பிடி.

பாலம் மெல்ல அசைவதை அளக்கப் பெரும்பாலான படிகக் கருவிகள் ஏற்றவை அல்ல. நிலையான முடுக்கம் அவற்றுக்குத் தெரியாது. அங்கே மின்தேக்கி முறையில் இயங்கும் சிலிக்கான் சில்லு வேண்டும். புவியீர்ப்பையே உணரும் அதுதான் கைபேசித் திரையையும் திருப்புகிறது.

வாங்கும் முன் விலைப்பட்டியலைத் திறக்காதீர்கள். அதிரும் பொருளின் எடை, வெப்பம், அதிர்வெண் மூன்றையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.