அடேலின் ஓவியம்: உடைமை பற்றிய ஒரு நோக்கு

குஸ்தாவ் கிளிம்ற் 1907இல் நிறைவுசெய்த அடேல் புளொக்-பௌவரின் உருவப்படம் பற்றிய விமர்சனங்கள் பெரும்பாலும் அதன் பொற்றகட்டழகிலேயே நின்றுவிடுகின்றன. அதன் உடைமை வரலாறும் விமர்சனத்துக்குரியதே என்பது எமது கருத்து.

1938இல் ஒஸ்திரியா ஜேர்மனியுடன் இணைக்கப்பட்டதும் அடேலின் கணவரான பேர்டினன்ட் யூதராதலின் நாட்டைவிட்டு வெளியேறினார். அவரது சேகரிப்பை நாஸிகள் பறித்தனர். 1941இல் வியன்னாக் கலைக்கூடத்தை அடைந்த ஓவியத்தை ஒஸ்திரிய அரசு போருக்குப் பின்னரும் விடவில்லை. அதற்கு அது காட்டிய ஆதாரம், அடேல் 1923இல் எழுதிய மரணசாசனம். கணவர் தமது மறைவின்போது ஓவியங்களைக் கலைக்கூடத்துக்கு விட்டுச்செல்ல வேண்டுமென அதிற் கேட்டிருந்தார். 1925இல் இறந்த அவர் அறிந்த வியன்னா வேறு என்பதை அரசு கருத்திற் கொள்ளவில்லை. ஓவியத்துக்கு உரியவர் கணவரே, மனைவியுடையது வேண்டுகோள் மட்டுமே என 2006இல் நடுவர் மன்று தீர்ப்பளித்தது. பெறாமகளான மரியா அல்ற்மன் உள்ளிட்ட உரித்தாளரிடம் ஐந்து ஓவியங்கள் சேர்ந்தன.

உருவப்படம் அவ்வாண்டே விற்கப்பட்டு நியூயோர்க் சென்றது. மக்கள் கலைக்கூடத்திலிருந்தது செல்வர் கைக்குப் போயிற்றே என முற்போக்காளர் சிலர் தயங்குவர். கலைச்சந்தை பற்றி எமக்கும் மயக்கமில்லை. எனினும், பறித்ததைப் பொதுமக்களுக்குக் காட்சிப்படுத்துவதனாற் பறிப்பு பொதுநலமாகிவிடுமா? விற்பதா, வைத்திருப்பதா எனத் தீர்மானிக்கும் உரிமையையே அக்குடும்பம் 68 ஆண்டுகளாக இழந்திருந்தது.