குழையாத பிளாஸ்டிக்

மின்சாரத்தைக் கடத்தும் பிளாஸ்டிக்கைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். கதை எங்கும் ஒன்றுதான். 1967-இல் டோக்கியோவில் ஷிரகாவா பணியாற்றிய ஆய்வுக்கூடத்தில், தவறுதலாக வினையூக்கி ஆயிரம் மடங்கு கூடுதலாகச் சேர்ந்துவிடுகிறது. கரும்பொடிக்குப் பதில் வெள்ளிபோல் மின்னும் பாலிஅசிட்டிலீன் ஏடு கிடைக்கிறது. 1977-இல் அமெரிக்காவில் மாக்டயர்மிட், ஹீகர் ஆகியோருடன் சேர்ந்து அதில் அயோடின் ஆவியை ஏற்ற, கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு உயர்கிறது. 2000-இல் மூவருக்கும் நோபல் பரிசு. சுபம்!

இதில் பொய் ஏதுமில்லை. ஆனால் கதை பாதியில் நின்றுவிடுகிறது. "அப்படியானால் நம் வீட்டில் இன்னும் ஏன் செம்புக் கம்பி?" என்று ஒரு மாணவர் கேட்டால், இக்கதையில் விடை கிடைக்காது. கண்டுபிடித்ததற்கும் வளர்த்ததற்கும் சேர்த்தே பரிசு என்று நோபல் குழு அறிவித்தது. வளர்த்த கதையை நம் கட்டுரைகள் விட்டுவிட்டன.

பிளாஸ்டிக் என்ற சொல்லையே பாருங்கள். குழையக்கூடியது என்பது அதன் பொருள். வாளியும் சீப்பும் அப்படித்தானே அச்சில் வார்க்கப்படுகின்றன? பாலிஅசிட்டிலீனோ உருகாது; சூடேற்றினால் சிதையும். கரைப்பான்களில் கரையாது. காற்றுப்பட்டால் கெடும். மின்சாரம் ஓட வழிசெய்யும் அமைப்பேதான் அது உருகாமலும் கரையாமலும் இருக்கக் காரணம். ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வருவதால் மூலக்கூற்றுச் சங்கிலிகள் விறைத்து, தட்டையாகி, நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. கரைப்பான் உள்ளே நுழைய இடமேது?

இங்கேதான் வேதியியலாரின் சாமர்த்தியம் தொடங்குகிறது. 1980-இல் இங்கிலாந்தின் டர்ஹாமில் எட்வர்ட்ஸ், ஃபீஸ்ட் இருவரும், கரையக்கூடிய வேறொரு பாலிமரைச் செய்து, சூடேற்றி அதைப் பாலிஅசிட்டிலீனாக மாற்றும் வழியைக் காட்டினர். சோற்றை வடகமாகப் பிழிந்த பிறகு உலர்த்துவதுபோல! பாலிதயோஃபீன் சங்கிலியில் ஹைட்ரோகார்பன் வால்களை ஒட்டிக் கரையவைத்தனர் வேறு சிலர். 1992-இல் ஹீகரும் உடனுழைத்தோரும் பாலிஅனிலீனுடன் கற்பூர சல்ஃபோனிக் அமிலத்தைச் சேர்த்தனர். கடத்துதிறன் தருவதும் கரையவைப்பதும் அந்த ஒரே அமிலம். கற்பூரத்துக்கு இப்படியும் ஒரு வேலை!

ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தார் உருவாக்கிய பெடாட் என்னும் பாலிமரும் தனியாகக் கரையாது. பாலிஸ்டைரீன் சல்ஃபோனிக் அமிலத்துடன் சேர்த்ததும், நுண்துகள்களாக நீரில் பரவி நீல மை போலாகிவிட்டது. புகைப்படச் சுருள்களில் நிலைமின்சாரம் தேங்காமலிருக்க அதைப் பூசினார்கள். கம்பியாக அன்று, மெல்லிய பூச்சாகவே அது பயன்பட்டது.

இதற்கும் விலையுண்டு. ஒட்டிய வால் மின்சாரத்தைக் கடத்தாது. பெடாட்டைத் தாங்கும் அமிலப் பாலிமரும் கடத்தாது. எளிதாகப் பூச முடிந்த அளவுக்குக் கடத்துதிறனில் இழப்பு நேர்கிறது. அதை மீட்க எத்திலீன் கிளைக்கால் போன்றவற்றைக் கலக்கிறார்கள்.