பேசிப் பழக ஓர் இயந்திரத் துணை

ஆங்கிலத்தில் பிழையின்றி விண்ணப்பம் எழுதவும், கடினமான நூல்களைப் படித்துப் பொருள் கூறவும் வல்ல நம்மவர் ஒருவர், லண்டன் மாநகரில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளன்று, எதிரில் வரும் சக ஊழியர் "யூ ஆல்ரைட்?" என்று கேட்டுவிட்டு விடைக்குக்கூடக் காத்திராமல் நடந்துபோவதைக் கண்டு, தம் முகத்தில் ஏதேனும் நோயின் அறிகுறி தென்படுகிறதோ என்று கலங்கி நிற்பது உண்டு. அது க்ஷேம விசாரணை அன்று, வெறும் முகமன். அதே சொற்களைத் திருப்பிச் சொல்லிவிட்டு அவரும் தம் வழியே போகலாம். இத்தகைய சில்லறைப் பேச்சை எந்தப் பள்ளியும் நமக்குக் கற்பித்ததில்லை. "கிக் தி பக்கெட்" போன்ற மரபுத்தொடர்களைப் பொருளோடு நெட்டுருப் போட்டு, "சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக" என்னும் வினாவுக்கு விடை எழுதி மதிப்பெண்ணும் பெற்று, அப்புறம் ஆயுளில் ஒரு தடவையேனும் அவற்றை வாய்விட்டுச் சொல்லாமலே படிப்பை முடித்துக்கொண்டவர்கள் நம்மில் அநேகர். இக்குறையைத் தீர்த்துவைப்பதாகச் சொல்லிக்கொண்டு கைப்பேசிக்குள் வந்திருக்கும் குரல் உரையாடல் செயலிகள் எவ்வளவு தூரம் உபயோகப்படும் என்பதே ஈண்டு விசாரணை.

வீட்டிலிருந்தபடியே பேச்சுமொழியைப் பயிலும் ஆசை இன்று நேற்று தோன்றியதன்று. 1901-இல் லண்டனில் தொடங்கப்பெற்ற லிங்குவாஃபோன் நிறுவனம் ஒலிப்பதிவுகளின் மூலம் மொழி கற்பித்தது. பிபிசி 1943 முதல் ஆங்கிலப் பாடங்களை உலகமெங்கும் ஒலிபரப்பி வருகிறது. "தி இங்கிலீஷ் வி ஸ்பீக்" என்னும் அதன் சிறு நிகழ்ச்சி, ஒரு வேளைக்கு ஒரு தொடராக, வழக்கிலுள்ள பிரயோகங்களை இன்றும் விளக்கிக்கொண்டிருக்கிறது. இவையெல்லாம் பேசும், நாம் பேசினால் கேளா. கேட்டு மறுமொழி சொல்லும் இயந்திரங்கள் பிற்பாடு வந்தபோதும், அவற்றின் தாமதம் சம்பாஷணையின் உயிரையே வாங்கிற்று. ஓப்பன்ஏஐ நிறுவனம் தந்த கணக்கின்படி, சாட்ஜிபிடியின் பழைய குரல்முறை ஒரு மறுமொழிக்குச் சராசரியாக 2.8 வினாடியும், அதனினும் வல்ல மாதிரியைக் கொண்டு இயங்கியபோது 5.4 வினாடியும் எடுத்துக்கொண்டது. 2024 மே மாதத்தில் அந்நிறுவனம் வெளியிட்ட ஜிபிடி-4ஓ மாதிரி, பேச்சை எழுத்தாக்கி மீண்டும் பேச்சாக்கும் சுற்றுவழியை விடுத்து, ஒலியை ஒலியாகவே கையாண்டு, சராசரி 0.32 வினாடியில் விடை தந்தது. "சாரி" என்றவரிடம் "நோ வொர்ரீஸ்" என்று சொல்ல ஐந்து வினாடி யோசிப்பவன், மன்னிக்க மனமில்லாதவன் என்றே கருதப்படுவான். ஆகையால் இந்த வேகத்தை வெறும் வசதியாக மதிப்பிடலாகாது. இதுவன்றேல் பயிற்சியே இல்லை.

நான் பரீட்சித்த செயலியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதன் குணமும் குற்றமும் பெரும்பாலும் அந்த இனத்துக்கே பொதுவானவை. என்னோடு இதில் ஈடுபட்டவள் என் தங்கை மகள். செவிலியர் படிப்பு முடித்து, இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரி வேலைக்கு ஆயத்தமாகி வருபவள். மருந்துகளின் பெயரும் வியாதிகளின் பெயரும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் யார்க்ஷயர்க் கிழவி ஒருத்தி தலை சுற்றுகிறது என்பதை "ஐ'வ் கம் ஓவர் ஆல் ஃபன்னி" என்றும், உடம்பு சரியில்லை என்பதை "ஐ ஃபீல் பூர்லி" என்றும் சொல்வாளென்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? எனவே, "நீ எண்பது வயது நோயாளி, யார்க்ஷயர்க்காரி, வார்டில் படுத்திருக்கிறாய், இவள் உன் நர்ஸ், பாடம் நடத்தாதே, பேசிக்கொண்டு மட்டும் இரு" என்று செயலிக்கு ஆணையிட்டு உரையாடலைத் தொடங்கி வைத்தேன்.

வேஷம் கச்சிதமாகவே இருந்தது. சிறிது நேரம் வானிலையைப் பற்றியும் பேரக்குழந்தைகளைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசிய அந்த இயந்திர மூதாட்டி, "ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி, லவ்" என்றாள். கட்டணக் கழிப்பறையின் பூட்டில் ஒரு பென்னி நாணயத்தைப் போட்டுத் திறந்த காலத்தில் பிறந்து, முதியோர் நாவில் இன்னும் தங்கியிருக்கும் நாசூக்கான பிரயோகம் அது. என் மருமகளோ, அந்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் கட்டணம் வாங்குவதில்லை என்று படித்திருந்தவளாதலால், "டோன்ட் வொர்ரி, யூ டோன்ட் ஹேவ் டு பே எனிதிங் ஹியர்" என்று மிகுந்த பரிவோடு தேறுதல் சொன்னாள். உண்மையான கிழவியாக இருந்தால் என்ன நடந்திருக்கும்? அவசரத்தில் கத்தியிருப்பாள், அல்லது சிரித்திருப்பாள். இயந்திரக் கிழவி, "ஓ, தட்ஸ் வெரி கைண்ட் ஆஃப் யூ" என்று நன்றி கூறிவிட்டு, வானிலைக்கே திரும்பிப் போய்விட்டாள்! என் மருமகளும் தன் விடை சரியென்றே நம்பி மேலே பேசிக்கொண்டிருந்தாள்.

இவ்வகைச் செயலிகளின் மூலவியாதி இதுதான் என்பது என் துணிபு. எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளும் இந்தச் சாதுவான சுபாவம், வேறு காரியங்களில் உபகாரமாக இருக்கலாம். மரபுத்தொடர் பயிலுகிறவனுக்கு அதைப்போல் அபகாரம் வேறில்லை. அகராதிப் பொருளைக் காட்டிலும், தவறான இடத்தில் வாயை விட்டு எதிராளியின் புருவம் உயர்வதைக் கண்டு நாணும் அந்தக் கணமே இவ்வித்தையில் குருவாக நிற்கிறது. இயந்திரம் அந்தக் கணத்தைத் தன் தாட்சண்யத்தால் விழுங்கிவிடுகிறது. "வி மஸ்ட் ஹேவ் லஞ்ச் சம்டைம்" என்று ஆங்கிலேயர் விடைபெறும்போது சொல்வது பெரும்பாலும் உபசார வார்த்தை, உடனே "எந்தக் கிழமை?" என்று கேட்டால் அவர் தர்மசங்கடத்துக்கு ஆளாவார். நான் செயலியிடம் அப்படியே கேட்டேன். "வியாழக்கிழமை வைத்துக்கொள்வோமே" என்று அது குதூகலித்தது. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனமே, தன் மாதிரியின் ஒரு புதுப்பிப்பு மிதமிஞ்சி முகஸ்துதி செய்கிறதென்று ஒப்புக்கொண்டு அதைத் திரும்பப் பெற்ற செய்தியைப் படித்தவர்கள் இதில் வியப்படைய மாட்டார்கள்.

நல்லவேளையாக, மாற்று மருந்து கையிலேயே இருக்கிறது. "நான் தப்பாகப் புரிந்துகொண்டால் நீயும் பொறுமை இழந்துவிடு, சங்கடப்படு, அதற்குப் பிறகுதான் விளக்கம்" என்று ஒரு வரி சேர்த்து ஆணையிட்டதும், கிழவி வேறு ஆளாகிவிட்டாள். "நோ, லவ்! ஐ நீட் தி லூ!" என்று அவள் போட்ட கூச்சலில் மருமகள் திடுக்கிட்டு, பிறகு விழுந்து விழுந்து சிரித்து, "மாமா, இதை இனி நான் செத்தாலும் மறக்க மாட்டேன்" என்றாள். செயலியை விற்பவர்கள் இந்த ஒரு வரியைத் தாங்களே உள்ளே எழுதி வைத்துவிட்டால் என்ன குறைந்துபோகும் என்று தெரியவில்லை.

தொனியில் இயந்திரம் அரைகுறைத் தேர்ச்சியே பெற்றிருக்கிறது. "நாட் பேட்" என்னும் இரு சொற்கள் ஆங்கிலேயர் வாயில் உயர்ந்த பாராட்டாகவும் வரும், ஒப்புக்குச் சொன்ன வார்த்தையாகவும் வரும், அதிருப்தியாகவும் வரும். மூன்று விதமாகவும் சொல்லிக் காட்டு என்றபோது, முதலதும் கடைசியும் ஒருவாறு வேறுபட்டன, நடுவிலுள்ளது எதனோடும் சேராமல் தொங்கியது. ஒன்றும் சொல்லாவிட்டால் அது அமெரிக்க வழக்கையே பேசும். பிரிட்டிஷ் வழக்கில் பேசு என்றாலோ, நம் நாடக மேடையில் வரும் வெள்ளைக்காரத் துரையைப்போல், வாக்கியத்துக்கு ஒரு "மேட்", ஒரு "பிளடி" என்று வாரி இறைக்கிறது. இவ்விரு வழக்குகளின் வித்தியாசம் அற்பமானதன்று. ஒரு விஷயத்தை "டேபிள்" செய்வதென்றால் பிரிட்டனில் உடனே விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் நேசநாட்டு அதிகாரிகள் இது புரியாமல், உண்மையில் ஒரே கருத்தினராக இருந்துகொண்டே நெடுநேரம் வாதாடிய கதையைச் சர்ச்சில் தம் யுத்த வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

இன்னொரு குறையையும் சொல்லிவிட வேண்டும். "சகித்துக்கொள்ள முடியவில்லை" என்னும் பொருளில் "ஐ கான்ட் புட் அப் வித் ஹிம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "வித்" என்பதை வேண்டுமென்றே விழுங்கிப் பார்த்தேன். அப்படி விழுங்கினால் அவனுக்குத் தங்க இடம் கொடுக்க முடியாது என்கிற பக்கம் பொருள் சாய்ந்துவிடும். செயலி மூச்சுவிடாமல் நான் கருதியதையே ஊகித்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தது. பின்னர் எழுத்து வடிவத்தை எடுத்துப் பார்த்தால், நான் சொல்லாத "வித்" அங்கே வீற்றிருந்தது! "அவுட் ஆஃப் ஸ்டேஷன்" என்ற நம் ஊர்ப் பிரயோகத்தையும் ஆட்சேபிக்கவில்லை. அதைப் பிழையென்று நானும் சொல்ல மாட்டேன், அது நமக்குச் சொந்தமான ஆங்கிலம். ஆயினும் மான்செஸ்டர்க் குமாஸ்தாவுக்கு விளங்காது என்றாவது எச்சரித்திருக்கலாம். யோசிப்பதற்காக நாம் சற்று நிறுத்தினால் பேச்சு முடிந்ததென்று குறுக்கிடுகிறது. விரலை அழுத்திப் பிடித்திருக்கும்வரை காத்திருக்கும் வசதி சில செயலிகளில் உண்டு, தொடக்க நிலையினர் அதையே தேர்ந்தெடுப்பது நலம்.

பேசவே கூசுகிறவர்கள் 2025 ஏப்ரலில் கூகிள் வெளியிட்ட "ஸ்லாங் ஹேங்" என்னும் சோதனைப் பகுதியைப் பார்க்கலாம். இருவர் பேசிக்கொள்ளும் உரையாடல் வரிவரியாக விரிய, நாம் படித்து, தெரியாத தொடரைத் தொட்டால் விளக்கம் வரும். கொச்சைச் சொற்களை அது இடம் தவறிக் கையாளவும் கற்பனை செய்துவிடவும் கூடுமென்று தயாரித்தவர்களே அறிவித்திருப்பதால், நல்ல அகராதியொன்று பக்கத்தில் இருக்கட்டும்.

ஐஇஎல்டிஎஸ் பரீட்சைக்குப் போகிறவர்கள் இதைக் கொண்டு தொடர்களை மூட்டை மூட்டையாகச் சேர்த்துக்கொள்ள நினைத்தால், அது வேண்டாம். 11 முதல் 14 நிமிஷம் நடக்கும் அதன் பேச்சுத் தேர்வில் மரபுத்தொடர்ப் பிரயோகத்துக்கு மதிப்பு உண்டு என்பது மெய்யே; ஆனால் ஏழாம் படிநிலைக்குரிய வரையறையில் நடையறிந்து சொல்லாளுதலும் அதனோடு சேர்த்தே எண்ணப்படுகிறது. சந்தாவைப் பொறுத்தவரை, சாட்ஜிபிடி பிளஸ் மாதம் 20 டாலர். இலவசமாகக் கிடைக்கும் அன்றாட அளவே பயிற்சிக்குப் போதுமென்பது என் அபிப்பிராயம். என் மருமகள் இதுவரை காசு கட்டவில்லை. அவளுடைய நோயாளியை மட்டும், யார்க்ஷயரிலிருந்து கிளாஸ்கோவுக்குக் குடிபெயர்த்திருக்கிறாள்.