மூன்றாம் பகுதி கேட்ட கேள்வி

தென்கொரியத் தொடரான 'எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ' 2022 ஜூனில் தொடங்கியபோது அதன் பார்வையாளர் அளவு 0.9 சதவீதம். ஆகஸ்டில் 16ஆம் பகுதியோடு முடிந்தபோது 17.5. ஆட்டிசம் உள்ள வழக்கறிஞர் வூ யங்-வூவாக நடித்த பார்க் உன்-பின் இந்த ஏற்றத்துக்கு முக்கியக் காரணம். அவருடைய நடிப்பில் எனக்குக் குறையேதும் தெரியவில்லை. என் கேள்வி எழுத்தைப் பற்றியது.

முதல் வழக்கைப் பாருங்கள். மறதி நோயுள்ள கணவரை மூதாட்டி ஒருவர் இஸ்திரிப்பெட்டியால் அடித்துவிடுகிறார். தண்டனை குறைந்தால் போதும் என்று மற்றவர்கள் நினைக்க, வூ உரிமையியல் சட்டத்தைப் புரட்டுகிறாள். கொலை முயற்சி என்று தீர்ப்பானால் கணவரின் சொத்தில் அந்த அம்மாவுக்கு வாரிசுரிமையே இல்லாமல் போகும்; ஆகவே அந்தக் குற்றச்சாட்டையே உடைத்தாக வேண்டும். அவள் அறிவு இங்கே சட்டத்தைப் படிக்கும் விதத்தில் வெளிப்படுகிறது. போகப்போக அந்த உழைப்பு நம் கண்ணில் படுவது குறைகிறது. அவள் கூந்தல் காற்றில் பறக்கும், கற்பனையில் திமிங்கிலம் துள்ளும், விடை வந்துவிடும். திமிங்கிலத்தின் மீது அவளுக்கிருக்கும் பிரியம் அழகானது. அதை விடை தரும் மந்திரமாக்கியது எழுத்தின் சோம்பல்.

தொடரின் உச்சம் மூன்றாம் பகுதி. மருத்துவ மாணவனான அண்ணனின் சாவுக்குக் காரணமென்று, ஆட்டிசம் உள்ள தம்பி கூண்டில் நிற்கிறான். சரளமாகப் பேச வராதவன். அவனுடைய பெற்றோர் வூவைப் பார்க்கும் பார்வையில் ஆறுதலைவிட வலிதான் அதிகம்: இவளும் ஆட்டிசம் உள்ளவள், நம் பிள்ளை ஏன் இப்படி? நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் அவளுடைய ஆட்டிசத்தையே அவன் தரப்புக்கு எதிராகத் திருப்புகிறார். அவள் வழக்கிலிருந்து விலகுகிறாள். எல்லோரும் கொண்டாடக்கூடிய ஆட்டிசம் எது, யாருக்கும் வேண்டாத ஆட்டிசம் எது என்று தொடர் தன் நாயகியை வைத்தே கேட்டுவிடுகிறது. இந்தத் துணிச்சலை வேறு தொடர்களில் நான் அதிகம் கண்டதில்லை.

பத்தாம் பகுதியிலும் அந்தத் துணிச்சல் ஓரளவு மீள்கிறது. அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணைப் பாலியல் குற்றத்துக்கு உள்ளாக்கியதாகக் குற்றம்சாட்டப்பட்டவனுக்காக வூ வாதாடுகிறாள். ஏமாற்றுக்காரனையும் காதலிக்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டா என்ற முள்ளைத் தொடுகிறாள். தோற்கிறாள்; அந்தத் தோல்விதான் நேர்மை. அதன்பின் வூவைப் பிரிந்துபோன தாயின் ரகசியமும் மூத்த வழக்கறிஞரின் நோயும் வழக்கமான மெகாதொடர்ப் பாதையில் கதையை இழுத்துச் செல்கின்றன.

தொடரின் எழுத்தாளர் மூன் ஜி-வோன் எழுதி 2019இல் வெளிவந்த 'இன்னசென்ட் விட்னஸ்' படத்தில், வழக்கறிஞராக ஆசைப்படும் ஆட்டிசம் உள்ள சிறுமி, தன்னால் அது முடியாது என்று முடிவுகட்டி சாட்சி சொல்ல வருவாள். அந்த முடிவை மாற்றி எழுதிய ஆசைதான் இந்தத் தொடர். வழக்காடும் கதையாக இது முதல் வரிசையில் நிற்கும். ஆட்டிசத்தின் சித்திரமாக, பாதிதான் தேறும். கூண்டில் நின்ற அந்தத் தம்பியின் வீட்டுக்கு, மீதமுள்ள 13 பகுதிகளில் கதை திரும்பிப் போகவே இல்லை.