'கோபல்ல கிராமம்': குடிபெயர்வு நினைவும் மண்ணுரிமையும்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் தொடங்கிக் கோவில்பட்டி வரை விரியும் கரிசல் நிலத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இக்குடியேற்றத்தை நாவலாக்கியது இடைசெவல் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976). சென்னாதேவியைக் காக்கும்பொருட்டு ஆந்திர நாட்டைவிட்டு வெளியேறியோர் காட்டை எரித்து ஊர் சமைத்த வரலாறு, நூறு வயதைக் கடந்த மங்கத்தாயாரு அம்மாளின் நினைவுவழி விரிகிறது.

வட்டார நாவல் என்னும் வகைப்பாட்டுக்குள் மட்டும் இதனை அடக்கினால், தலைமுறைதோறும் நிகழும் மாற்றம் கவனம் பெறாது. வந்தவர்களுக்கு இழப்பாக இருந்த பூர்விகம், பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டி சொல்லும் கதையாகிறது. காடு திருத்திய உழைப்பு மண்ணுரிமையாகிறது. வீட்டில் தெலுங்கு பேசுவோரின் வாழ்வு கரிசல் தமிழில் எழுதப்பட்டுள்ளது. ஆகவே இங்குப் புதுநிலத்தோடு இயைதல் என்பது தாய்மொழியைக் கைவிடுதலன்று; இரு மொழிகளுக்கும் தனித்தனி இடம் வகுத்தலாகும். தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' (சாகித்திய அகாதெமி விருது, 1991) இம்மக்களை விடுதலைப் போராட்டக் காலத்தோடு இணைக்கிறது.

எனினும், கதை வந்தவர்களின் நினைவிலிருந்தே சொல்லப்படுவதால், எரிந்த காட்டை முன்னரே அறிந்திருந்தோரின் பார்வை அதில் இடம்பெறவில்லை. உழைப்பால் உரிமை பிறக்கும் என்னும் நாவலின் அறம் இவ்விடத்தில் வினாவுக்குள்ளாகிறது. 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரத்தை உள்ளடக்கிய பூமணியின் 'அஞ்ஞாடி' (2012), அதே கரிசலைப் பிற சமூகங்களின் நினைவிலிருந்து காட்டுகிறது. இவற்றை இணைத்து வாசிக்கும்போதே, 'வந்தவர்', 'இருந்தவர்' என்னும் பிரிவினை பிறப்பால் அமைந்ததன்று, நினைவைச் சொல்லும் வாய்ப்பால் அமைந்தது என்பது தெளிவாகும்.