அச்சமும் நகையும்: மலையகத் தோட்டங்களிற் பேய்ப்படச் சுவை

ஈழத்துத் தமிழ்த் திறனாய்வு அரை நூற்றாண்டிற்கும் மேலாக யதார்த்த நெறியைத் தன் தலையாய அளவுகோலாகக் கொண்டு வந்துள்ளது. மலையக மக்களின் வாழ்வு இலக்கியப் பொருளாக ஏற்கப்பட்டதில் அவ்வளவுகோலுக்குப் பெரும் பங்குண்டு. எனினும், அம்மக்களைப் பற்றி எவ்வாறு எழுதவேண்டும் என ஆராய்ந்த அளவிற்கு, அவர்கள் எவற்றை விரும்பிப் பார்க்கின்றனர் என்பது ஆராயப்படவில்லை. அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் முன்னர் வீடியோ நாடா வழியாகவும் இன்று தொலைக்காட்சி, கைபேசி வழியாகவும் விரும்பிப் பார்க்கப்படும் பட வகைகளுள் ஒன்று, நகைச்சுவை கலந்த பேய்ப்படம். அதனைக் கீழான சுவை என ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவது கற்றோர் வழக்கு. அவ்வழக்குப் பொருந்துமா என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

மேனாட்டுத் திறனாய்விலே இத்தகைய ஆக்கங்களை விளக்குதற்கு ‘கேம்ப்’ என்னும் கருத்துப் பயன்படுகின்றது. 1964இல் சூசன் சொன்ராக் எழுதிய கட்டுரையே அதனைப் பரவலாக அறியச் செய்தது. பெரிதாகக் கருதிச் செய்யப்பட்ட ஒன்று அம்முயற்சியில் வழுவிப்போக, அவ்வழுவையே நயந்து சுவைக்கும் நகர்ப்புற நுண்சுவை அது எனச் சுருக்கிக் கூறலாம். ஆயின், லயக் காம்பிராவிற் குடும்பமாக அமர்ந்து பேய்ப்படம் பார்ப்போரின் சுவை இதுவன்று. அவர்கள் படத்தின் வழுவைக் கண்டு மேலிருந்து நகைப்பவரல்லர். அஞ்சவேண்டிய இடத்தில் அஞ்சுகின்றனர், நகைக்கவேண்டிய இடத்தில் நகைக்கின்றனர். எனவே இதனை விளக்க வேறொரு கருவி வேண்டும்.

அக்கருவி நம்மிடமே உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் தோன்றும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கினைக் கூறும். பேய், பூதம் முதலியவற்றை உரைகாரர் அணங்கினுள் அடக்குவர்; இறை என்பதனுள் அரசன் முதலாய மேலோரை அடக்குவர். இந்நான்கும் ஒருங்கே கூடிய நிலமாகத் தேயிலைத் தோட்டத்தைக் கருதலாம். தொழிற்சாலைச் சக்கரமாகிய ரோதையில் உறைவதாக நம்பப்படும் ரோதைமுனி அணங்கு. கொழுந்து மலையில் எதிர்ப்படும் சிறுத்தை விலங்கு. கள்வர் எங்கும் உளர். கங்காணி, துரை, அவர்க்கு மேலே அரசு என அடுக்கி நிற்பது இறை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையும் இம்மக்களுக்கு விளைத்த அச்சம் எந்த முனியும் விளைத்ததன்று. இறை தரும் அச்சத்தின் இயல்பு, அதனை நோக்கி வெளிப்படையாக நகைத்தல் இயலாமையாகும். பேய்ப்படத்தின் கவர்ச்சியை இவ்விடத்திலிருந்தே விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து.

முதலில் மரபை நோக்குவோம். மாசி மாதத்திலே தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில் இரதி, மன்மதன் ஆகியோருடன் வீரபத்திரனும் எமனும் தோன்றுவர். தப்பின் அடி விரைவுபெற, அரிதாரமும் கோரப்பல்லும் கொண்ட எமன் களத்தினுட் பாயுங்கால் சிறுவர் தாயின் முந்தானையைப் பற்றுவர். அவ்வேடத்தினுள் இருப்பவர் அடுத்த லயத்தைச் சேர்ந்த, நேற்று உடன் வேலை செய்த ஒருவரே என்பதை எல்லோரும் அறிவர். அறிந்தும் அஞ்சுவர், அஞ்சியவாறே நகைப்பர். வேடம் வேடமாகத் தெரிவது அங்குக் குறைபாடன்று. அதுவே ஆட்டத்தின் அடிப்படை உடன்பாடு. இவ்வுடன்பாட்டிற் பயின்ற கண்ணுக்குப் பேய்ப்படத்தின் மலிவான ஒப்பனையும், கண்முன்னே தெரியும் தந்திரக் காட்சியும் இழுக்காகத் தோன்றுவதில்லை.

இதற்குச் சிறந்த சான்று பி. விட்டலாச்சாரியாவின் படங்கள். கன்னட நாட்டில் தோன்றித் தெலுங்குத் திரையுலகில் மாயாஜாலப் படங்களால் புகழ்பெற்ற இவரின் ‘ஜெகன்மோகினி’ (1978) தமிழிலும் மொழிமாற்றப்பட்டு நெடுங்காலம் ஓடியது. அதிலே பேய்ப் பெண் விறகிற்குப் பதிலாகத் தன் கால்களையே அடுப்பில் வைத்துச் சமைக்கும் காட்சி இன்றும் பேசப்படுவதாகும். தந்திரம் எளியது, காண்போர் எவரும் ஏமாறார். ஆயினும், நாள்முழுதும் கொழுந்து பறித்து, மாலையிற் கவ்வாத்து மிலாறு சுமந்து வந்து அடுப்பு மூட்டும் பெண்ணுக்கு அக்காட்சி வெறும் விந்தையாக மட்டும் அமையுமா? தன் உடம்பையே எரித்து வீட்டாருக்கு உணவு சமைக்கும் ஒருத்தியை அங்கு அவள் காண்கின்றாள். அவள் நகைப்பில் ஓர் அறிதல் உண்டு. யதார்த்தப் படம் நெடிது விளக்கிக் கூறும் ஒன்றை, இம்மலிவான தந்திரம் ஒரு கணத்திற் காட்டிவிடுகின்றது.

அச்சத்தை ஆக்குதற்குப் பொருட்செலவே வேண்டியதில்லை என்பதற்குத் தமிழ்த் திரையில் இன்னொரு சான்று, ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964). அப்படம் சிறுசெலவுப் படமன்று, பேய்ப்படமுமன்று. எனினும் நாகேஷ் பாலையாவுக்குத் திகிற் கதை சொல்லும் காட்சி இவ்வகை முழுமைக்கும் இலக்கணம் வகுத்தது எனலாம். குரல், முகம், வாயால் எழுப்பும் ஓசை என்பன தவிர அங்கு வேறொரு கருவியுமில்லை. கதை கேட்பவரோ எஸ்டேட் உடைமையாளரான தந்தை. கதை சொல்பவன் கையிற் காசில்லாத மகன். அச்சம் ஆண்டான்மேல் ஏறுகின்றது. நகை காண்போர்க்கு உரியதாகின்றது. இந்த இடமாற்றமே நாம் தேடும் திறவுகோல்.

பிற்காலப் படங்களில் இவ்விடமாற்றம் கதையின் நடுநாடியாகவே அமைந்துவிட்டது. ராகவா லாரன்ஸ் இயக்கிய ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011) ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இருட்டியபின் வெளியே செல்லவும் அஞ்சும் ஓர் இளைஞனே இரண்டிலும் தலைவன். நகையின் நிலைக்களன்களுள் ஒன்றான எள்ளலை, பிறரை எள்ளுதல், பிறரால் தான் எள்ளப்பட்டு நகுதல் என உரைகாரர் இரண்டாகப் பகுப்பர். இரவிற் கழிப்பிடம் செல்ல லயத்தை விட்டு வெளியே இருளில் நடந்து பழகியோர் இத்தலைவனைக் கண்டு நகுதல் பின்னைய வகையைச் சார்ந்தது. அவர்கள் தம்மையே நகுகின்றனர். பின்னர்ப் பேய் தன் கதையைச் சொல்கின்றது. ‘முனி’யின் பேய், அரசியல்வாதி ஒருவனின் வாக்குறுதியை நம்பி ஏமாந்து கொல்லப்பட்ட ஏழை மக்களின் தலைவன். ‘காஞ்சனா’வின் பேய், ஏழைகளுக்கு மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்தை அதிகாரம் படைத்த ஒருவன் பறித்துக்கொள்ள உயிரிழந்த திருநங்கை. அவ்வளவில் அணங்கின்மேல் இருந்த அச்சம் நீங்குகின்றது. அஞ்சத்தக்கவன் வேட்டி கட்டி, வாகனத்தில் வருபவன் எனத் தெரியவருகின்றது. அணங்கு நகைக்கும் இரக்கத்திற்கும் உரியதாக, இறை பழிக்கு உரியதாகின்றது.

வாக்குறுதியும் நிலமும் மலையகத்தாருக்குப் புறப்பொருள்களல்ல. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. இம்மாற்றங்கள் எவற்றினாலும் லயக் காம்பிரா அதில் வாழ்வோரின் உடைமையாகவில்லை. 2015இன் பின்னர் 7 பேர்ச் காணியில் தனிவீடு என்னும் திட்டம் தொடங்கப்பட்டும், லயங்களில் வாழ்வோர் இன்னும் மிகப் பலர். நிலம் இழந்தவர் பேயாகவேனும் திரும்பி வந்து கணக்குத் தீர்க்கும் கதை இவர்களைக் கவர்வதை அறியாமையின் விளைவு எனல் தகாது.

அஞ்சப்படுவதனை நகைக்கு உள்ளாக்கி வெல்லும் முறை தமிழருக்கு மட்டும் உரியதன்று. தென்னிலங்கைச் சிங்கள மக்களின் தொவில் சடங்கிலே, நள்ளிரவில் நடுங்கவைத்த யக்கு விடியற்காலையிற் கோமாளியாகிக் கேலிக்குள்ளாகின்றது. நகைச்சுவை சடங்கின் ஒட்டுப்பகுதியன்று, குணமாக்கலின் உறுப்பே என்பதை மானிடவியலாளர் புரூஸ் கப்ஃபெரர் 1983இல் வெளியிட்ட தம் நூலில் நிறுவினார். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தொவிலில் நகையால் யக்கு தன் தாழ்ந்த நிலைக்கு மீள, குலைந்த ஒழுங்கு நிலைபெறுகின்றது. பேய்ப்படத்திலோ பேயே முறையீட்டாளர். குலைந்தது மேலோரின் நீதி.

இவ்வகைப் படங்கள் அனைத்தையும் போற்றுதல் நம் நோக்கமன்று. எள்ளலின் முதல் வகை, அதாவது எளியோரை எள்ளுதல், இவற்றிலே மலிந்து கிடக்கின்றது. கருநிறத்தார், பருத்த உடலினர், முதிய பெண்டிர் ஆகியோர் மீண்டும் மீண்டும் நகைப்பொருளாகின்றனர். திருநங்கையின் துயரைப் பேசும் ‘காஞ்சனா’வே, அச்சாயலை முதலில் நகைக்குப் பயன்படுத்திய பின்னரே இரக்கத்திற்கு உரியதாக்குகின்றது. மேலும், ‘அரண்மனை’ (2014) முதலாய படங்களிற் கதையின் நோக்குநிலை மாளிகையின் உரிமையாளர்பால் நகர்ந்துவிட்டமையை உணரலாம். பேயின் வழக்கைவிட வீட்டின் பாதுகாப்பே அங்கு முதன்மை பெறுகின்றது. செலவும் வரைகலை நுட்பமும் பெருக, வேடம் வேடமாகத் தெரியும் பழைய உடன்பாடும் தளர்கின்றது. ஆகவே இவ்வகையின் தரத்தை அளக்கும் வினா, படம் எத்துணை நம்பத்தக்கது என்பதன்று. அச்சம் ஈற்றில் எவர்மேற் சென்று நிற்கின்றது என்பதே.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ ஆகியவற்றை மேடையேற்றுமுன், கூத்தும் கற்றோரால் இழித்து நோக்கப்பட்டதொன்றே. அது கலையெனக் கொள்ளப்பட்டபின், அதனைப் பார்த்துப் பயின்ற மக்களின் கண்ணுக்கும் அம்மதிப்புக் கிட்டியிருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை, ஆட்டம் பல்கலைக்கழகம் புக, ஆட்டத்தைச் சுவைத்தோர் சுவையறியாதவராகவே எண்ணப்பட்டனர். மலையகத்தின் இரவுநேர நகைப்பைக் கேட்டு ஆராயும் பணி இனித்தான் தொடங்கவேண்டும். இறையை நேர்நின்று நகைக்க இயலாதோர் அணங்கின் வழியாக நகைக்கின்றனர் என்பது அவ்வாய்விற்கு முதற் கருதுகோளாக அமையலாம்.