தைத்தனவும் தப்பினவும்: ஜோனி மிட்செலின் இரு தொகைகள்

தொகை என்பது வெறுந் திரட்டு அன்று. அது தீர்ப்பும் ஆகும். எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது, கொண்டவற்றை எவ்வரிசையில் வைப்பது என்னும் மூன்று வினாக்கட்கும் விடை கண்ட பின்னரே தொகை உருப்பெறும். ஐங்குறுநூற்றைப் பாடினோர் ஐவர். தொகுத்தவர் கூடலூர் கிழார். தொகுப்பித்தோன் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. ஈண்டுப் பாடுவோரும் தொகுப்போரும் வேறாயினர். பாடியவரே தம் வாழ்நாட் பாடல்களைத் தொகுக்கப் புகின் அத்தீர்ப்பின் இயல்பு யாது? திறனாய்வாளன் அதற்குக் கட்டுப்பட்டவனா? இவ்வினாக்களை ஆராய்தற்கு ஏற்ற களம், கனடா நாட்டில் பிறந்த பாடலாசிரியை ஜோனி மிட்செல் 1996ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஒருசேர வெளியிட்ட ‘ஹிட்ஸ்’, ‘மிஸ்ஸஸ்’ என்னும் இரு இசைத்தொகைகள் ஆகும். இவற்றை முறையே ‘தைத்தன’, ‘தப்பின’ எனத் தமிழில் வழங்கலாம்.

தொகை எழுந்த வரலாறு

மிட்செல் 1943இல் ஆல்பர்ட்டா மாநிலத்துப் போர்ட் மக்லாட் என்னும் ஊரிற் பிறந்தவர். ஒன்பதாம் அகவையில் இளம்பிள்ளைவாதம் தாக்கியதால் அவர்தம் இடக்கை வலுக் குன்றியது. ஆகவே கித்தாரின் நரம்புகளை வழக்கமான முறையிற் கூட்டாது, தம் கைக்கு இயைந்தவாறு சுருதி மாற்றிக் கூட்டலாயினர். குறையிற் பிறந்த இவ்வழக்கமே அவர் இசைக்குத் தனிநிறம் தந்தது. சொல்லையும் இசையையும் தாமே யாத்துத் தாமே பாடும் இவர், 1968 முதல் 1994 முடிய 15 இசைத்தொகுதிகளை வெளியிட்டிருந்தார்.

இந்நிலையில் ரிப்ரைஸ் நிறுவனம் அவர்தம் புகழ்பெற்ற பாடல்களை ஒரு தொகையாக்க விழைந்தது. மிட்செல் இசைந்தார், ஆயின், உலகம் செவி சாய்க்காத பாடல்களைத் தாமே தெரிந்து மற்றொரு தொகை ஆக்குதல் வேண்டும் என்னும் உடன்பாட்டின்மேல் இசைந்தார். முன்னதைத் தொகுப்பித்தது வணிகம். பின்னதைத் தொகுப்பித்தது ஆசிரியர் உள்ளம். ‘ஹிட்’ என்னும் ஆங்கிலச் சொல் மக்களிடைப் பெற்ற வெற்றியையும் குறிக்கும். மோதுண்டு வீழ்தலையும் குறிக்கும். முதல் தொகையின் முகப்புப் படத்தில் மிட்செல் வண்டியால் மோதுண்டார் போலத் தெருவிற் கிடக்கின்றார். புகழ் தம்மை வீழ்த்தியது என்னும் குறிப்பு அச்சிலேடையில் உண்டு.

தைத்தனவற்றின் வைப்புமுறை

‘ஹிட்ஸ்’ 15 பாடல்களை உடையது. அது ‘அர்ஜ் ஃபார் கோயிங்’ என்னும் பாடலொடு தொடங்குகின்றது. கூதிர் வரப் புறப்பட்டுப் போகும் வேட்கையைக் கூறும் இவ்விளமைப் பாடல் அதற்குமுன் அவருடைய இசைத்தொகுதி எதனிலும் இடம் பெறாதது. பெரும்பாலும் கால வரிசையிற் செல்லும் இத்தொகை, இறுதியில் அவ்வரிசையை முறித்து, 1969ஆம் ஆண்டுத் தொகுதியைச் சார்ந்த ‘போத் சைட்ஸ் நவ்’ என்னும் பாடலைக் கடைநிலையில் வைக்கின்றது. முகிலையும் காதலையும் வாழ்வையும் இருபுறமும் நோக்கியும் அவற்றை அறிந்திலேன் என்பது அப்பாடலின் பொருள். இருபதைச் சற்றே கடந்த அகவையில் யாத்த பாடலை ஐம்பதைக் கடந்தவர் முடிவுரையாக வைக்குங்கால், சொல் மாறாதிருப்பவும் பொருள் மாறுகின்றது. வைப்புமுறையும் ஓர் உரையே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

தப்பினவற்றின் வைப்புமுறை

‘மிஸ்ஸஸ்’ 14 பாடல்களை உடையது. கால வரிசையை அறவே கொள்ளாதது. அதன் இறுதி நான்கு பாடல்கள் நுணுகி நோக்கத்தக்கன. ‘ஹாரிஸ் ஹவுஸ்’ (1975) பெருநகர வணிகன் ஒருவன் மணவாழ்வின் வறுமையைப் பாடுவது. அடுத்து நிற்கும் ‘தி அரேஞ்ச்மென்ட்’ (1970) அத்தகையான் ஒருவன் தன்னையே பதவிக்கு விலையாக்கிய நிலையைப் பாடுவது. ‘ஃபார் தி ரோசஸ்’ (1972), பாடுநரையே பண்டமாக்கும் புகழ்ச்சந்தையைப் பாடுவது. இறுதியில் நிற்பது ‘ஹெஜிரா’ (1976); பெயரே புலம்பெயர்தலைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழியது. தன்னை விற்றவன், விற்கப்பட்ட கலைஞர், சந்தையை நீங்கும் செலவு என இவை ஒரு கோவையாக அமைகின்றன. தனித்தனித் தொகுதிகளில் இவை இவ்வாறு பேசவில்லை. தொகுத்தவர் அருகருகே நிறுத்தியதனாற் பேசுகின்றன.

மேல்முறையீடு

இரு தொகைகளையும் எண்ணி ஒப்பிடின் ஆசிரியர் கருத்து விளங்கும். 1980க்குப் பின் எழுந்த பாடல்கள் ‘ஹிட்ஸில்’ 15க்கு 2. ‘மிஸ்ஸஸில்’ 14க்கு 8. அயர்லாந்து நாட்டுச் சலவைச் சாலைகளில் அடைபட்ட பெண்டிரைப் பற்றிய ‘தி மாக்டலீன் லாண்ட்ரீஸ்’, போர்முனையில் உளம் சிதைந்த வீரனைப் பற்றிய ‘தி பீட் ஆஃப் பிளாக் விங்ஸ்’ ஆகியன இவற்றுள் அடங்கும். தம் இளமைக் காதற் பாடல்களைப் பேணிய உலகம், பிற்காலத்துச் சமுதாயப் பாடல்களைப் புறக்கணித்தது என்பதே அவர்தம் வழக்கு. ஆகலின் இரண்டாம் தொகையை ஒரு மேல்முறையீடு எனல் பொருந்தும்.

அவ்வழக்கு முற்றும் வெல்கின்றதா? இல்லை என்றே கூறல் வேண்டும். மேற்கூறிய இரு பாடல்களும் வெல்கின்றன; அவற்றில் அறச்சினம் ஒரு தனி மாந்தர் குரலாகப் பிறக்கின்றது. ‘டாக் ஈட் டாக்’ (1985) போல்வனவற்றிலோ சினம் உருவம் பெறாது பொதுக்கூற்றாய் நின்றுவிடுகின்றது. மின்னிசைக் கருவிகளின் செறிவும் சொல்லை அமிழ்த்துகின்றது. இதனைப் பிறர் கூறவேண்டுவதில்லை. மூன்றாவதாக வைக்கப்பட்ட ‘எ கேஸ் ஆஃப் யூ’ (1971) என்னும் பாடலே கூறுகின்றது. ஒரு நரம்புக்கருவியும் ஒரு குரலும் பெருமளவிற்குத் தாங்கும் அப்பாடலின் அருகில் பின்வருவன பல மெலிகின்றன.

அப்பாடல் தப்பினவற்றுள் வைக்கப்பெற்றதும் எண்ணத்தக்கது. அதனொடு ஒரே தொகுதியிற் பிறந்த ‘ரிவர்’ தைத்தனவற்றுள் நிற்கின்றது. இரண்டும் தனித்தட்டின் முதன்மைப் பாடலாக வெளிவந்தவை அல்ல. எனவே இப்பாகுபாடு விற்பனைக் கணக்கை மட்டும் தழுவியதன்று. ஆசிரியர் தாமே வரைந்த எல்லை. அவ்வெல்லையும் நிலைத்திலது. 2000ஆம் ஆண்டில் பல்லிசைக் குழுவொடு அவர் வெளியிட்ட தொகுதியில், பிறர் பாடல்களினிடையே தம் பாடல்களாக இரண்டனையே சேர்த்தார். ஒன்று ‘போத் சைட்ஸ் நவ்’; மற்றொன்று ‘எ கேஸ் ஆஃப் யூ’. முன்னது தைத்தது, பின்னது தப்பியது.

முடிவு

ஆசிரியர் தாமே செய்த தொகை திறனாய்வாளனுக்குச் சான்று; கட்டளை அன்று. அது பாடல்களின் தகுதியை நிறுவாது. அவற்றை மீண்டும் கேட்கும் கடமையை நம்மேல் வைக்கும். ‘ஹிட்ஸை’ மட்டும் கேட்போர் உலகம் விரும்பிய மிட்செலையே அறிவர். இரண்டனையும் ஒருநூலாகக் கொள்வோரே, உலகத்தோடு வழக்காடிச் சில இடத்து வென்றும் சில இடத்துத் தோற்றும் நிற்கும் புலவர் ஒருவரைக் காண்பர்.